தமிழ்ப் படத்துல பேசுற தமிழ் காதுல விழணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க வெள்ளிக்கிழமை சினிமா பக்கத்துல ஒரு பெரிய படம் எத்தன கோடி அள்ளுச்சுன்னு முக்கால் பக்கம் போட்டிருந்தீங்க. பக்கத்துலயே விமர்சனமும் இருந்துச்சு, ஹீரோ நடிப்பு, ஹீரோயின் டான்ஸ், கேமரா, எடிட்டிங், எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு வரி. ஆனா படத்துல பேசுறது காதுல விழுதா விழலையான்னு ஒரு வரி கூட இல்ல. உங்க பேப்பர்ல மட்டும் இல்ல, யாருமே இத எழுதுறதில்ல. வீட்ல எல்லாரும் சேந்து படம் பாக்குற என்ன மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் முதல் கேள்வி, மத்ததெல்லாம் அப்புறம்தான்.

எங்க வீடு மதுரை வில்லாபுரம் பக்கம். நான், எங்க வீட்டுக்காரர், பிளஸ் டூ படிக்கிற மக, எழுபத தாண்டுன எங்க அத்தை. அத்தைக்கு ரெண்டு காதுலயும் மெஷின். சினிமான்னா எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் உயிரு, படம் முடிஞ்ச பிறகு யாரு என்ன பேசுனாங்கன்னு மறுநாள் காலைல வரைக்கும் சொல்லிட்டு இருப்பாங்க. 2024லயும் 2025லயும் வந்த படங்கள்ல நாங்க பாத்த சிலத பத்தி என் மனசுல பட்டத எழுதுறேன், சிலது தியேட்டர்ல பாத்தது, சிலது வீட்ல டிவில பாத்தது, ஒரே மாதிரி படங்க இல்ல, பேய்ப் படம், கிரிக்கெட் படம், குடும்பப் படம்னு கலந்து கட்டித்தான் இருக்கும்.

முதல்ல கொட்டுக்காளி. வாழை படமும் இதுவும் ஒரே நாள்ல, 2024 ஆகஸ்ட் 23ல ரிலீஸ் ஆச்சு. பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த படம், சூரியும் அன்னா பென்னும் நடிச்சிருக்காங்க. இந்தப் படத்துல பின்னணி இசைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. பொண்ணு வேற சாதிப் பையன விரும்புறா, அவளுக்கு என்னமோ புடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு ஷேர் ஆட்டோவுல ஏத்தி சாமியாடிகிட்ட கூட்டிட்டு போறாங்க, கூட ஆம்பளைங்க பைக்ல வராங்க, அவ்வளவுதான் கதை. அந்த ஆட்டோ சத்தம், கட்டிப்போட்ட சேவல் படபடக்குறது, ரோட்டோரக் காத்து, நிறுத்துன எடத்துல பொம்பளைங்க குசுகுசுன்னு பேசிக்கிறது, இதுதான் படத்தோட இசை. சூரிக்கு தொண்ட கட்டிப்போயி கழுத்துல சுண்ணாம்பு தடவிக்கிட்டு கரகரன்னுதான் பேசுவாரு, அந்தக் கரகரப்புலயே அந்த ஆளோட கோவம் முழுசும் தெரிஞ்சுரும். அந்தப் பொண்ணு மீனா வாயே தெறக்கமாட்டா. ஒரு எடத்துல மைக் செட்டுல ஓடுற பாட்ட அவ வாய்க்குள்ள முணுமுணுப்பா, அதக் கேட்டு அவனுக்கு வெறி வந்து அடிக்கிறான் பாருங்க, அவள மட்டும் இல்ல, தடுக்க வந்தவங்களயும் சேத்து அடிக்கிறான். ஒரு பொம்பள முணுமுணுத்தது கூட தாங்கமுடியாதவன்னு வசனம் வச்சு யாரும் சொல்லல, ஆனா நமக்குப் புரியுது. அந்த முணுமுணுப்பு மேல வயலின ஏத்தியிருந்தா அந்த எடமே செத்துருக்கும்.

அந்தப் படம் ஓடுன நேரம் முழுக்க அத்தை ஒரு தடவ கூட எங்கிட்ட திரும்பி "என்ன சொன்னான்"னு கேக்கல. எங்க ஊர்ப் பக்கத்துப் பேச்சு வேற, ஒரு வார்த்த விடாம புரிஞ்சுக்கிட்டாங்க. மகளுக்கு படம் மெதுவா போகுதுன்னு வருத்தம், எங்க வீட்டுக்காரருக்கு முடிவ நம்ம கையில விட்டுட்டு போனது பிடிக்கல. எனக்கு அந்தக் காளைமாடு எடம் ஒண்ணு போதும், ரோட்ட மறிச்சு நிக்குற காளைய அத்தன ஆம்பளைங்களும் நகத்த முடியாம நிக்க, ஒரு சின்னப் புள்ள வந்து சர்வ சாதாரணமா கூட்டிட்டுப் போயிரும். இந்தப் படம் தியேட்டர்ல எத்தன நாள் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும், உங்க பக்கத்துல அத பத்தி வந்ததும் ஒரு சின்னக் கட்டம்தான்.

மஞ்சும்மல் பாய்ஸ் பத்தி எல்லாரும் பேசித் தீத்தாச்சு, 200 கோடி தாண்டுன முதல் மலையாளப் படம்னு நீங்களும் பல தடவ போட்டீங்க. நான் சொல்ல வர்றது வேற. கொச்சி பக்கத்துலருந்து கொடைக்கானல் டூர் வந்த பசங்கள்ல ஒருத்தன் குணா குகை குழிக்குள்ள விழுந்துடுறான், 2006ல நெசமா நடந்தது. மேல நிக்குறவங்க குழி வாயில குனிஞ்சு சுபாஷ், சுபாஷ்னு கூப்பிடுறாங்க, உள்ளருந்து ஒண்ணும் வரல. திரும்பக் கூப்பிடுறாங்க. தியேட்டர்ல பாப்கார்ன் கவர் சத்தம் கூட நின்னு போச்சு, எல்லாரும் அந்தக் குழிக்குள்ளருந்து ஒரு முனகல் வருமான்னு காத தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம், நாங்களும் குழி வாயில குனிஞ்ச மாதிரிதான். மழை புடிச்சதும் தண்ணி குழிக்குள்ள போயிரக்கூடாதுன்னு பசங்க மண்ணுல படுத்து ஒடம்பால மறிக்கிறாங்களே, அத நெனச்சா இப்பவும் எனக்கு கண்ணு கலங்கும். கடைசில 1991 குணா படத்து கண்மணி அன்போடு காதலன் பாட்டு வர்றப்ப தியேட்டரே எந்திரிச்சுது. அந்தப் பாட்டு அப்படி ஏறுச்சுன்னா அதுக்கு முன்னாடி அந்தப் படம் நம்ம காதுக்கு குடுத்த பட்டினிதான் காரணம். முதல் நிமிஷத்துலருந்தே டம்டம்னு அடிச்சிட்டு இருந்தா எந்தப் பாட்டும் ஏறாது. மலையாளப் படமா இருந்தும் பாதி நேரம் தமிழ்லதான் பேசுறாங்க, அதுவும் தெளிவா கேட்டுச்சு.

பேய்ப் படத்துக்கு வர்றேன். நம்ம ஊருல பேய்ப் படம்னா கதவு தொறக்குறப்ப ஒரு டமால், பூனை குதிச்சா ஒரு டமால். அத்தை பேய்ப் படம் ஆரம்பிச்சதுமே மெஷின கழட்டி டப்பாவுல வச்சிருவாங்க, அப்புறம் ஊமப் படம் மாதிரி பாப்பாங்க, பாவமா இருக்கும். டிமான்டி காலனி 2 நல்லாத்தான் இருந்துச்சு, கதைய பின்னியிருந்தாங்க, ஆனா அத்தைக்கு அது படமாவே இல்ல. அதுவே பிரமயுகம்ங்கிற மலையாளப் படம் பாத்தப்ப மெஷின கழட்டவே இல்ல. படம் முழுக்க கறுப்பு வெள்ளை, பதினேழாம் நூற்றாண்டு மலபார்ல நடக்குற கதை, தப்பிச்சு ஓடிவர்ற பாணன் ஒருத்தன் பாழடஞ்ச மனைக்குள்ள நொழையுறான், அங்க மம்மூட்டி கொடுமண் போற்றியா உக்காந்திருக்காரு. படத்துல ஆளுங்களே அஞ்சாறு பேருதான். பயமுறுத்துறது எதுன்னா அவரு சிரிக்கிற சிரிப்பு, சாப்பிடுறப்ப மெல்லுற சத்தம், பகடை உருளுற சத்தம். பகடையில தோத்தா உன் காலம் எனக்குன்னு பந்தயம் வைக்கிறாரு, அத சத்தம் போடாம, சாப்பாட்டுக்கு கூப்பிடுற மாதிரி சொல்றாரு, எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிருச்சு. மம்மூட்டி குரல் ஒண்ணு போதும் அந்த வீட்டையே நெறைக்க. நாங்க சப்டைட்டில் வச்சுத்தான் பாத்தோம், அது இங்கிலீஷ், மக படிச்சு படிச்சு பாட்டிக்கு சொன்னா. இத பத்தி கடைசில தனியா எழுதுறேன்.

லப்பர் பந்து தியேட்டர்ல பாத்தோம். தமிழரசன் பச்சமுத்துவோட முதல் படம்னு நம்பவே முடியல. அட்டகத்தி தினேஷ் கெத்துங்கிற பேர்ல மட்டைய தூக்கிட்டு எறங்குறப்பல்லாம் நீ பொட்டு வச்ச தங்கக் குடம் பாட்டு ஓடும், பொன்மனச் செல்வன் படத்துல விஜயகாந்துக்கு இளையராஜா போட்டது, 1989. மதுரைத் தியேட்டர்ல அந்தப் பாட்டு எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லவேண்டியதில்ல, எங்க ஊர் மனுசன் அவரு, 2023 டிசம்பர்ல அவரு போனதுக்கப்புறம் வந்த படம், எனக்கு முன் வரிசையில ஒரு பெரியவர் துண்ட எடுத்து கண்ண தொடச்சிக்கிட்டே பாடுனாரு. அந்த எடத்துல சத்தம் கூடவே இருக்கணும், கொறைக்கச் சொல்லி யாரும் கேக்கமாட்டாங்க. நான் சத்தமே வேணாம்னு சொல்றவ இல்ல. ஆனா அதே படத்துல சுவாசிகா, கீதா கைலாசம், மருமகளும் மாமியாருமா ரெண்டு பேரும் பேசுற எடத்துல இசைய அடக்கி வச்சிருக்காங்க, ஒவ்வொரு வார்த்தையும் உள்ள எறங்குது. புருசன் வேலைவெட்டிய விட்டுட்டு மேட்ச் மேட்ச்னு அலையுறான்னு சுவாசிகா டிராக்டர எடுத்துட்டுப் போயி பிட்சயே உழுதுபோடுற எடத்துல தியேட்டர்ல பொம்பளைங்க அடிச்ச விசில்தான் அன்னிக்கு பெரிய விசில். சாதிய பத்தி படம் என்னமா சொல்லுது பாருங்க, நல்லா ஆடுற பையன டீம்ல சேக்காம வெளிய நிக்க வைக்கிறதுக்கு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க, நெசக் காரணத்த வாய்விட்டு சொல்லமாட்டாங்க. இத பிரசங்கம் பண்ணாம கிரவுண்டுக்குள்ளயே காட்டிருக்காங்க.

அதுக்கு அடுத்த வாரமே வந்த மெய்யழகன நாங்க தியேட்டர்ல விட்டுட்டோம், வீட்லதான் பாத்தோம். பிரேம்குமார் படம், கார்த்தியும் அரவிந்த்சாமியும். ஒரு ராத்திரி முழுக்க ரெண்டு ஆம்பளைங்க பேசுறாங்க, பேசுறாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. அரவிந்த்சாமி பாதி நேரம் கேக்க மட்டும்தான் செய்றாரு, அவரு கேக்குற விதம்தான் நடிப்பு, தன்ன அத்தான் அத்தான்னு கூப்பிடுறவன் பேரு கூட ஞாபகம் இல்லாம உள்ளுக்குள்ள தவிச்சுக்கிட்டே கேக்குறாரு. ஊர விட்டுப் போறப்ப விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கு என்னவா ஆச்சுன்னு கார்த்தி சொல்ற எடத்துல அத்தை டிவிய பாத்து தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. கல்யாண மேடையில தங்கச்சிக்கு கொலுசு போட்டுவிடுற எடத்துல எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டாரு, அவருக்கும் ஒரு தங்கச்சி உண்டு, பேச்சுவார்த்தை இல்லாம வருசக்கணக்கா ஆச்சு.

இந்தப் படம் நீளம்னு சொன்னாங்க, வந்த கொஞ்ச நாள்லயே 18 நிமிஷத்த வெட்டிட்டாங்க. எனக்கு அதுல ரொம்ப மனவருத்தம். சண்டைக் காட்சி கால் மணி நேரம் ஓடுனா நீளம்னு யாரும் சொல்றதில்ல, மனுசங்க உக்காந்து பேசுனா மட்டும் நீளமா? பேச்ச கேக்குற பழக்கம் நமக்கு இல்லாமப் போச்சுன்னு சொல்றாங்க, நான் ஒத்துக்கவேமாட்டேன். நம்ம சனங்க படத்த காதாலயே பாத்தவங்க சார். ரேடியோவுல ஒலிச்சித்திரம் போடுவாங்க, முழுப் படத்தையும் சத்தமா மட்டும் கேட்டே அழுது சிரிச்சவங்க எங்க அத்தை தலைமுறை. கோயில் திருவிழாவுல மைக் செட்டுக்காரர் முதல்ல சாமி பாட்டு போட்டுட்டு அடுத்து திருவிளையாடல் வசனத்ததான் போடுவாரு, தருமியும் சிவனும் பேசிக்கிறத படமே பாக்காத புள்ளைங்க கூட ஒரு எழுத்து பிசகாம ஒப்பிக்கும். கட்டபொம்மன் வசனம் இசைத்தட்டா வித்துச்சு. எங்க அத்தை இன்னிக்கும் பராசக்தி கோர்ட் வசனத்த அடுப்படியில நின்னு முழுசா சொல்லுவாங்க, 1952ல அந்தப் படத்தோட தொறந்த எங்க ஊர் தங்கம் தியேட்டர் இன்னிக்கு இல்ல, வசனம் மட்டும் அத்தை வாயில இருக்கு. இப்போ வந்த பெரிய படங்கள்ல அப்படி ஒப்பிக்கிற மாதிரி ஒரு நாலு வரி சொல்லுங்கன்னா மக யோசிக்கிறா. வசனம் எழுதுறவங்க கொறஞ்சு போயிட்டாங்கன்னு நான் நெனைக்கல, எழுதுறது எங்களுக்கு கேக்கமாட்டேங்குது.

டூரிஸ்ட் ஃபேமிலி 2025 மே 1ல வந்துச்சு, அபிஷன் ஜீவிந்த் புதுசா வந்த டைரக்டர். இலங்கையில இருந்து படகுல ராமேஸ்வரம் வந்து சேர்ற ஒரு குடும்பம், சசிகுமார், சிம்ரன், ரெண்டு பசங்க. சென்னையில வீடு புடிச்சு குடுத்துட்டு யோகிபாபு சொல்றது என்னன்னா வாயத் தொறந்து உங்க தமிழ் பேசிடாதீங்க, மாட்டிக்குவீங்கன்னு. சொந்தப் பேச்ச மறைச்சுக்கிட்டு வாழணும்ங்கறது எவ்வளவு பெரிய கொடுமை, அத சிரிக்க சிரிக்க சொல்லிட்டு நடுவுல நெஞ்ச புடிச்சு உலுக்குறாங்க. அந்தக் காலனில ஒரு வயசான ஜோடி, அந்தம்மா எறந்துபோற எடம் வரும், அந்தம்மாவா நடிச்ச ஸ்ரீஜா ரவி எத்தனையோ வருஷமா டப்பிங் பேசுறவங்க, எத்தன நடிகைகளுக்கு குரல் குடுத்தவங்க, மொகத்த பாக்காமலே நாம வருசக்கணக்கா கேட்ட குரல் அது. அந்த மொகத்த திரையில பாத்ததுல எனக்கு ஒரு சந்தோசம். படத்துல எல்லாருமே கொஞ்சம் ரொம்ப நல்லவங்களா இருக்காங்கன்னு மக சொல்றா, இருக்கட்டுமே, அப்படியும் நாலு படம் வரட்டும்.

குடும்பஸ்தன் பாத்து வயிறு வலிக்க சிரிச்சோம், மணிகண்டன் கடன்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறதும், குரு சோமசுந்தரம் மச்சானா வந்து குத்துறதும் நம்ம வீட்டுலயே நடக்குற மாதிரி இருக்கு. ஆனா கோயம்புத்தூர் பேச்சு அது, வேகமா வேற பேசுறாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் பேசுறாங்க, அதுக்கும் மேல இசை. பாதி ஜோக்கு போன பிறகுதான் எங்களுக்கு எட்டுச்சு, ரெண்டாவது தடவ பாத்தப்பதான் முழுசா ரசிச்சேன். ஜமாவும் சொல்லணும், தெருக்கூத்துல பெண் வேஷம் கட்டுற ஒருத்தன் அர்ஜுனன் வேஷத்துக்கு ஏங்குற கதை, பாரி இளவழகனே எழுதி எடுத்து நடிச்சது, இளையராஜா இசை, அது வந்ததும் தெரியல போனதும் தெரியல. மகாராஜா நல்ல படம், போலீஸ் ஸ்டேஷன்ல விஜய் சேதுபதி ஒரே புகாரை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப சொல்றத நான் ரசிச்சேன், ஆனா அதுல வர்ற கொடுமை வயசுப்புள்ளைய பக்கத்துல வச்சிக்கிட்டு பாக்கமுடியாத கொடுமை. இப்போ சென்சார்ல யுஏ 7+, 13+, 16+னு மூணா பிரிச்சிருக்காங்க, அத படத்து பேருக்கு பக்கத்துல நீங்க போட்டாலே தாய்மாருக்கு பெரிய உதவி.

சத்தம் விஷயத்துக்கு வர்றேன். 2024 நவம்பர்ல கங்குவா வந்தப்ப முதல் நாளே சத்தம் தாங்கலன்னு ஊரெல்லாம் புகார் கெளம்புச்சு, தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்ட வால்யூம ரெண்டு பாயிண்ட் கொறைக்கச் சொன்னாரு, ஆஸ்கர் வாங்குன சவுண்ட் டிசைனர் ரசூல் பூக்குட்டியே இந்த சத்தப் போட்டிய பத்தி வேதனப்பட்டு எழுதுனாரு. அப்போ ஒரு வாரம் எல்லாரும் பேசுனாங்க, அதோட விட்டாச்சு. ஆனா அது ஒரு படத்தோட பிரச்சனை இல்ல. எங்க தெருவுல ஒரு தம்பி தியேட்டர்ல ஆபரேட்டரா இருக்காரு, அவருகிட்ட கேட்டேன், வெளக்கமா சொன்னாரு. தியேட்டர் சவுண்ட் மெஷின்ல 0லருந்து 10 வரைக்கும் நம்பர் இருக்கும், 7தான் சரியான அளவு, படத்துக்கு சவுண்ட் மிக்ஸ் பண்றவங்களும் 7ல வச்சு கேட்டுத்தான் மிக்ஸ் பண்ணணும். ஆனா இசையும் சண்டை சத்தமும் அவ்வளவு ஏறிப்போச்சுன்னா சனங்க வந்து சண்டை போடுறாங்க, இவங்க 5க்கு எறக்குறாங்க. எறக்குனா இசை மட்டும் கொறையாது, பேச்சும் சேந்து கொறையும், ஏற்கனவே இசைக்கு அடியில கெடந்த பேச்சு சுத்தமா முங்கிப்போகும். தியேட்டர்ல எப்படியும் எறக்கித்தான் வைப்பாங்கன்னு மிக்ஸ் பண்றவங்களுக்கும் தெரியும், அதனால அடுத்த படத்துல இன்னும் ஏத்தி வைக்கிறாங்க. பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னாடி நடுவுல இருக்குற ஸ்பீக்கர்லருந்துதான் வருமாம், அது பழசாயி மங்குனாலும் சுத்தியிருக்குற ஸ்பீக்கர் எல்லாம் கும்மு கும்முன்னு அடிக்கிறதால யாருக்கும் தெரியாதாம். ஒரு தியேட்டர்ல எங்களுக்கு அதே கததான், படம் முழுக்க பேசுனது பாதி புரியல, மேனேஜர்கிட்ட சொன்னா "படமே அப்படித்தாம்மா"ன்னுட்டாரு.

வீட்லயும் அதே கூத்து. ரிமோட்ட கையிலயே வச்சிருக்கணும், பேசுறப்ப ஏத்து, சண்டை வந்தா எறக்கு. டிவி மெலிசாக மெலிசாக ஸ்பீக்கரு கீழ பாத்தும் பின்னாடி பாத்தும் வச்சிட்டான், தியேட்டருக்காக பல ஸ்பீக்கருக்கு பிரிச்சு வச்ச சத்தத்த ரெண்டுக்குள்ள அமுக்குறப்ப பேச்சுதான் முதல்ல அடிவாங்குது. டிவி செட்டிங்ல சவுண்டுக்குள்ள போனீங்கன்னா பேச்ச தூக்கிக் காட்டுற மோடு ஒண்ணு இருக்கும், கிளியர் வாய்ஸ்னோ வேற பேர்லயோ, நைட் மோடுன்னு இருந்தா அதும் பெரிய சத்தத்த கொஞ்சம் அமுக்கும். மக தேடிப்புடிச்சு வச்சா, ஓரளவு தேவல, படிக்கிறவங்க வீட்லயும் வயசானவங்க இருந்தா போட்டுப் பாருங்க. அத்தைக்கு அதுவும் முழுசா பத்தல. அவங்க வச்சிருக்குற மெஷின் பேச்ச மட்டும் பொறுக்கி எடுத்து பெருசாக்காது, டிரம்ஸையும் சேத்துத்தான் பெருசாக்கும், பெரிய சண்டை வந்தா காத பொத்திக்குவாங்க.

அப்போ எழுத்து வச்சுப் பாருங்கன்னு சொல்லுவீங்க. இங்கதான் எனக்கு ஆத்திரம் வருது. தமிழ்ப் படத்த போட்டுட்டு சப்டைட்டில் பட்டன அமுக்குனா பல படத்துக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வருது. தமிழ்ல இருக்குற படமும் உண்டு, இல்லாத படம்தான் எங்களுக்கு அதிகம் மாட்டுது. கார்த்தி தஞ்சாவூர்த் தமிழ்ல உருகி உருகி பேசுறாரு, கீழ இங்கிலீஷ் ஓடுது. எங்க அத்தை எட்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவங்க, தெனம் உங்க பேப்பர முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எழுத்துக் கூட்டாம படிக்கிறவங்க, அவங்களுக்கு தமிழ்ப் படத்துல தமிழ் எழுத்து இல்ல. இங்கிலீஷ்காரங்க பாக்கணும்னு எழுத்து போடுறீங்க, நல்லது, போடுங்க. ஆனா எழுதி வச்ச வசனம் தமிழ்லதான முதல்ல இருக்கு? நடிகருங்க படிச்சது அதத்தான? அத அப்படியே நேரத்துக்கு நேரம் கோத்து ஏத்துறதுக்கு பெரிய படத்தோட பட்ஜெட்ல என்ன செலவு ஆகிடப்போகுது? காது கேக்காதவங்க, கொஞ்சமா கேக்குறவங்க, வயசானவங்கன்னு நம்ம நாட்டுல எத்தன பேரு வீட்டுக்குள்ள டிவி முன்னாடி மத்தவங்க சிரிக்கிறத பாத்து சும்மா சேந்து சிரிச்சிட்டு உக்காந்திருக்காங்க. அத்தை அப்படி சிரிக்கிறத நான் பாத்திருக்கேன், எனக்கு அப்படியே வாரிப்போட்டுச்சு.

2024 மார்ச்சுல ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதுக்கு வழிகாட்டுதலே போட்டிருக்கு, தியேட்டர்ல ஓடுற படத்துக்கு காது கேக்காதவங்களுக்காக எழுத்து, கண்ணு தெரியாதவங்களுக்காக நடக்குறத சொல்ற குரல், ரெண்டும் படிப்படியா வரணும்னு. வந்துச்சா? எங்க ஊர்ல எந்த தியேட்டர்ல கேக்கலாம்? ஒருத்தருக்கும் தெரியல, டிக்கெட் கவுண்டர்ல கேட்டா நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க. இத விசாரிச்சு எழுதவேண்டியது பத்திரிகைதான, நான் ஒரு ஆளா தியேட்டர் தியேட்டரா போயி கேட்டா பதில் வராது, உங்க நிருபர் கேட்டா வரும்.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். விமர்சனம் எழுதுறவங்க வசனம் தெளிவா கேக்குதா, இசை பேச்ச முழுங்குதான்னு ஒரு வரி கட்டாயம் எழுதட்டும், எந்த தியேட்டர்ல பாத்தாங்கன்னும் சொல்லட்டும். வீட்டுக்கு வர்ற புதுப் படங்க பட்டியல் போடுறீங்கல்ல, அதுல தமிழ் எழுத்து இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்த சேத்துப் போடுங்க. ரெண்டு மாசம் விடாம போட்டுப் பாருங்க, இல்லைன்னு போட்டா கேவலமா இருக்கும்னு அவங்களே ஏத்திடுவாங்க. வசூல் கணக்குக்கு குடுக்குற எடத்துல கால்வாசி இதுக்குப் போதும்.

கடிதம் நீளமாயிருச்சு, எடம் இல்லன்னா படங்கள பத்தி நான் எழுதுனத சுருக்கிக்கோங்க, தமிழ் எழுத்து பத்தி எழுதுனத மட்டும் தயவுசெஞ்சு வெட்டாமப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மதுரை.